கோந்தக்கா சொன்ன சொல்

என் மனைவி டீயில் சர்க்கரையைக் கலக்கமாட்டாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, அப்படியே என் முன்னால் வைத்துவிடுவாள். முதல் பாதி கசக்கும். கடைசி வாய் பாகாக இனிக்கும். ஸ்பூனைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கை தேய்ந்தா போய்விடும் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "கலக்கினா அறுந்துடும்ங்க" என்றாள். சர்க்கரை எப்படியம்மா அறும் என்று நான் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் கையையே அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள், அவ்வளவுதான்.

இருவருக்கும் வேலை ஒரே கட்டடத்தில். பல்கலைக்கழகத்து இயற்பியல் பிரிவின் இரண்டாம் மாடி. நான் மைக்ராஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். மாணவர்கள் வைத்த பெயர் லென்ஸ் சார். அவளுடைய இடம் இரண்டு கதவு தள்ளி, ஜன்னல் ஓரமாக நீளமான மேசை போட்ட திரவ அறை. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், இவள் பாட்டில் கழுவும் வேலைக்கென்று வந்தாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். திரவம் தயாரித்துக்கொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போனபோது, "புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கம்மா" என்றார் பேராசிரியர். அந்தப் புது ஆள் பதினேழு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்வது தானாக நகரும் தூசிகளை. தூசி என்று சொன்னால் பேராசிரியருக்குக் கோபம் வரும், துகள் என்று சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடி மணி, முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. அதன் ஒரு பாதிக்குக் கரி பூசியிருக்கும். வெளிச்சம் விழுந்தால் கரிப் பக்கம் சூடாகி, மணி தானே கிளம்பிவிடும். யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். சாதாரணத் தண்ணீர் போன்ற திரவத்தில் விட்டால் கொஞ்ச தூரம் நேராகப் போகும், சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடிக்க இடிக்க மெல்லத் திசை மாறும். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

ஆனால் மனித உடம்புக்குள் இருப்பது வெறும் தண்ணீரா? சளி, வயிற்றின் உள்பூச்சு, எல்லாமே கொழகொழ. என்றைக்காவது இந்த மணி ஒரு சொட்டு மருந்தைச் சுமந்துகொண்டு அதற்குள் போக வேண்டுமென்றால், கொழகொழப்பில் அது எப்படி நடக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அந்தக் கொழகொழப்பைத்தான் என் மனைவி தயாரிக்கிறாள். "உங்க வீட்டுல அங்க என்ன வேலை பாக்கறாங்க?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "சளி பிடிச்சுத் தர்றா" என்று சொல்லி, இடுப்பில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். மாணவர்களுக்கு அவள் கோந்தக்கா.

கோந்தக்கா பாட்டில் போடுவதைப் பார்க்க வேண்டும். சுத்தமான தண்ணீரில் வெள்ளைப் பொடியை விரல் நுனியால் தூவுவாள், கட்டி தட்டாமல், அவசரமே இல்லாமல். அந்தப் பொடியின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் நீளமான சங்கிலி. தண்ணீரில் ஊறி, பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால்தான் திரவத்துக்கு இழுவை வரும். பிறகு பாட்டிலை மூடி, இரண்டு ரப்பர் உருளைகள் மேல் படுக்க வைப்பாள். உருளைகள் திரும்பும், பாட்டிலும் கூடவே உருளும், நிமிஷத்துக்கு ஆறு சுற்று. இரண்டு நாள். பக்கத்திலேயே காந்தத் துண்டைப் போட்டுச் சுழற்றும் கலக்கி ஒன்று இருக்கிறது. பத்து நிமிஷத்தில் எதையும் கரைத்துவிடும். அதை அவள் தொடமாட்டாள். வேகமாகச் சுழற்றினால் சங்கிலிகள் அறுந்துபோகும். அறுந்தாலும் பார்வைக்கு அதே கோந்துதான், பிசுபிசுப்புகூட இருக்கும், ஆனால் இழுத்ததை மறக்காமல் திரும்பும் குணம் போய்விடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. முதல் வருஷத்தில் நாற்பது பாட்டில் வீணாக்கிக் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் நாள் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, மெல்ல மேலே தூக்குவாள். குச்சியோடு ஒரு நூல் எழுந்து வரும். கை முழுசாக உயரும் வரை அறாமல் வந்து, அறுந்ததும் சுருக்கென்று மேலே ஏறிக்கொண்டால் பாட்டில் தேறியது. "நூல் விடுது" என்பாள். அதற்கு மேல் சான்றிதழ் எதுவும் கிடையாது.

அந்தத் திரவத்தில்தான் சுருட்டை தன் கண்டுபிடிப்பைச் செய்தாள். சுருட்டை முடிக்காரி, நான்கு வருஷமாக எங்களோடு இருக்கும் ஆராய்ச்சி மாணவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதலில் அக்காவிடம் நீட்டுகிறவள். அவள் கண்டது இது: வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மணியின் வேகம் கூடும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் மணி முன்னால் போவதை விட்டுவிட்டு வட்டம் போட ஆரம்பிக்கும். மணி இழுத்த திரவம் திரும்பி வரச் சில நொடி ஆகும். அதற்குள் மணி நகர்ந்திருக்கும். சற்று முன் தான் இழுத்த இழுப்பே பின்னாலிருந்து பிடித்து அதைத் திருப்பிவிடும். அன்று என் அறையில் ஒரே கூச்சல். "கலக்கிட்டீங்கக்கா!" என்று சுருட்டை இவளைக் கட்டிக்கொண்டாள். "கலக்கவே இல்லடி" என்றாள் இவள்.

இவளுக்குப் பிடித்தது வட்டம் அல்ல. விளக்கை அணைத்ததும் மணி நிற்கும் அல்லவா, நிற்பதற்குமுன் வந்த வழியிலேயே ஒரு துளி பின்னால் வரும். அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு கதவு தாண்டி என் அறைக்கு வருவாள். "விட்டுட்டுப் போக மனசில்ல பாருங்க அதுக்கு" என்பாள். பத்து தடவை போடச் சொல்வாள். நானும் போடுவேன், வேறு யாராவது கேட்டால் எரிந்து விழுவேன்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கட்டுரையை அச்சுக்கு அனுப்பும்போது பேராசிரியர், "திரவம் செய்யற முறையை உங்க வீட்டம்மாகிட்ட கேட்டு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அவளுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும் என்று எனக்கொரு எண்ணம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "ரெண்டு நாள் உருட்டணும்" என்றாள். எழுதப் போனவன் நிறுத்தினேன். உருட்டுவதாம்! பொய் சொல்கிறவனை "சும்மா உருட்டாதடா" என்று பிள்ளைகள் கிண்டல் செய்யும் காலம் இது. படித்தவர்கள் பார்க்கும் பத்திரிகையில் உருட்டு, புரட்டு என்றெல்லாம் போட்டால் மரியாதையாகவா இருக்கும்? மேதாவி நான், "இரண்டு நாள் கலக்கவும்" என்று திருத்தி, அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் அக்கா உருட்டுவாள் என்று தெரியும், அதனால் அந்தப் பக்கத்தை ஒருவரும் உற்றுப் படிக்கவில்லை. அச்சாகி வந்தது. நானும் மறந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. வெளிநாட்டில் இதே துறையில் பேர்பெற்ற ஒரு பெரியவர். சுருட்டையின் ஆய்வேட்டைப் படித்துத் தேறினாளா இல்லையா என்று சொல்ல வேண்டியவரும் அவரே. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். நீங்கள் எழுதியபடியே செய்தோம், கெட்டித்தன்மை கொஞ்சம் குறைந்தது, கூடுதல் பொடி போட்டுச் சரிசெய்தோம், மணிகள் ஒன்றுகூட வட்டம் போடவில்லை, நேராகத்தான் போகின்றன என்று எழுதியிருந்தார். கடைசியில் மரியாதையாக ஒரு வரி: உங்கள் பாட்டில்களில் வேறேதும் கலந்திருக்குமோ, கழுவிய சோப்பு மாதிரி?

பேராசிரியர் அதைச் சத்தமாகப் படித்துச் சொன்னார். சுருட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பாட்டில் கழுவவென்றே வந்தவள் அவள். ஒரு பாட்டிலை ஏழு தண்ணீர் அலசுகிறவள்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அச்சான கட்டுரையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் சொன்னதை என்னன்னு போட்டிருக்கீங்க? தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. எங்கயாவது விட்டுட்டேனான்னு பாக்கறேன்."

படித்தேன். தண்ணீரின் அளவு, பொடியின் எடை, தூவும் விதம். அடுத்த வரிக்கு வந்ததும் என் விரல் அங்கேயே நின்றது. கலக்கவும். இரண்டு நாள் கலக்கவும். அந்த ஊரில் காந்தக் கலக்கியில் இரண்டு நாள் இரவு பகலாகச் சங்கிலிகள் அறுந்து தூளாவது என் கண்முன் தெரிந்தது.

"ம்... ரெண்டு நாள் உருட்டவும்" என்று படித்தேன்.

பிள்ளைகள் சொல்லும் அர்த்தத்தில் அன்று நான்தான் உருட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேராசிரியர் முன்னால், சுருட்டை முன்னால் என் மூக்கு உடைபடுமே என்ற பயம் என்று வைத்துக்கொள்ளலாம். இவளிடம் பயப்பட என்ன இருந்தது? அவள் தலையை ஆட்டினாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப சோப்புதான் போல" என்றாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றே புதுப் பாட்டில் ஒன்றை இருபது தண்ணீர் அலசி, திரவம் போட்டு உருளையில் வைத்தாள். அது இரண்டு நாள் உருண்டது. நானும் இரண்டு நாள் மென்று முழுங்கினேன். செவ்வாய்க்கிழமை திரவ அறைப் பக்கம் போனபோது அவள் காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒன்றை நீட்டி, "உங்களுக்கு ஏதாவது வாசனை வருதா?" என்றாள். "ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். வீட்டிலும் அதே கதை. கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள், விரலை மூக்கருகே கொண்டுபோனாள், மறுபடி கழுவினாள்.

புதன்கிழமை புதுத் திரவத்தில் மணிகளை விட்டோம். எப்போதும்போல் வட்டம் போட்டன. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அந்த அறையில் ஆளில்லை. "நம்மகிட்ட மட்டும் வருது, அவங்ககிட்ட வரல. அப்ப நம்மகிட்டதான் என்னமோ இருக்கு" என்றாள் சுருட்டை, குரல் கம்மிப் போய்.

"இருபது தண்ணி அலசியும் போகலன்னா அது பாட்டில்ல இல்ல, என் கையிலதான் இருக்கு" என்றாள் என் மனைவி. பிறகு பேராசிரியரைப் பார்த்து, "சார், இனிமே நான் பாட்டில் போடல. படிச்ச பொண்ணு யாரையாவது வச்சுக்குங்க. இந்தப் பிள்ளையோட நாலு வருஷம் என்னால வீணாப் போச்சு" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நான் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினேன். மணிகள் வழக்கம்போலப் பின்னால் வந்திருக்கும். அன்று அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக் குழாயடிக்குப் போனாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"கொஞ்சம் அந்த டம்ளரைக் கீழ வையேன்."

"இருங்க, இன்னும் வழவழன்னு இருக்கு."

"சோப்பு இல்லம்மா. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"நீ உருட்டணும்னு சொன்ன. நான் கலக்கணும்னு எழுதிட்டேன். அவங்க கலக்கிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை படிச்சீங்களே, உருட்டவும்னு?"

"அங்க அப்படி இல்ல. நானா மாத்திப் படிச்சேன்."

குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"தப்பா எழுதினது போகட்டும்ங்க. யாருக்கும் வர்றதுதான். ரெண்டு நாளா என் கையையே என்னை மோந்து பாக்க வச்சுட்டீங்களே."

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாட்களை எண்ணினால் அந்தச் சாயங்காலம்தான் முதலில் வரும். இவளுடைய கையை எனக்குத் தெரியும். காய்ச்சலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை, மகளுக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னிய கை, ஒரு முடியைக்கூட அறுக்காத கை. அதை அவளே சந்தேகப்படும்படி செய்துவிட்டு, மூக்கு உடையுமே என்று நின்றிருக்கிறேன்.

அவள் டீ போட்டாள். டிராயரை இழுத்து ஸ்பூனை எடுத்தாள். டம்ளரில் போட்டு டங் டங்கென்று தெருவுக்கே கேட்கும்படி கலக்கினாள். என் முன்னால் வைத்தாள். முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை ஒரே இனிப்பு. அவ்வளவு மோசமான டீயை நான் குடித்ததே இல்லை.

"நாளைக்குக் காலையில எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் பேசறேன், அந்தப் பெரியவர்கிட்டயே. நீங்க கூட உக்காந்து அவங்க பாஷையில சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நான் சொல்றதை நான் சொல்ற மாதிரியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அழகுபடுத்தவே கூடாது."

வியாழக்கிழமை காலை பேராசிரியரிடமும் சுருட்டையிடமும் விஷயத்தை நானே சொன்னேன்; அதற்கு மட்டும் அனுமதி கிடைத்திருந்தது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுருட்டை, "லென்ஸ் சார்!" என்று மட்டும் சொன்னாள். ஒரு மணி நேரம் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பேராசிரியர் கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் திரையில் பெரியவர் வந்தார். வெள்ளைத் தாடி, பின்னால் அவர்களுடைய திரவ அறை, அதில் எங்களுடையதைப் போலவே ஒரு நீள மேசை. என் மனைவி வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பட்டனை ஒருமுறை சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அவங்க பாட்டில்ல ஒரு கண்ணாடிக் குச்சியை விட்டு மெல்லத் தூக்கச் சொல்லுங்க."

சொன்னேன். பெரியவர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் செய்தார். குச்சியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்தது. நூல் வரவில்லை.

இவள் தன் பாட்டிலில் குச்சியை விட்டாள். தூக்கினாள். நூல் எழுந்தது, கேமரா முன்னால், அவள் நெஞ்சு உயரம், கழுத்து உயரம், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள், தலைக்கு மேல். அறுந்ததும் சுருக்கென்று ஏறிக்கொண்டது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"இது உருட்டினது. அது கலக்கினது. கலக்கினா அறுந்துடும்" என்றாள். ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.

அவர்கள் அடுத்த வாரம் உருட்டிப் பார்த்ததும், வட்டம் வந்ததும், சுருட்டை தேர்வில் தேறியதும் பிறகு நடந்தவை. அன்று பேச்சு முடியப் போகும்போது பெரியவர் ஒன்று கேட்டார்: அப்படியானால் கட்டுரையில் கலக்கவும் என்று எப்படி வந்தது? நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எழுதினது என் வீட்டுக்காரர். தப்பா எழுதிட்டார். ஆனா நல்ல மனுஷர், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

என் மனைவி சொல்கிறார், எழுதியது அவருடைய கணவர், அவர் தவறாக எழுதிவிட்டார் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, புரிந்துகொண்டு சிரித்தார். நானும் அசடு வழிந்தேன். முடிந்தது என்று எழப்போனேன். இவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நான் இன்னும் ஒண்ணு சொன்னேனே. அதைச் சொல்லலயே நீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சீக்கிரம் முடிஞ்சுடுச்சு."

"அது அவருக்குத் தேவையில்லம்மா."

"தேவையா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். அந்த மொழியில் அதற்கு நாலைந்து சொல்தான். பாதியில் நிறுத்திவிட்டேன். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாம் வந்துவிட்டதா என்று. வந்ததும் சட்டைக் கையை விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டீ வந்தது. முதல் பாதி கசந்தது.